மதில் கட்டினோம், ஓணான் போய்விட்டது: சாம்பல்தீவு வாசகிக்குப் பதில்

கேள்வி: எங்கள் வீடு சாம்பல்தீவில். மூன்று வருடத்துக்கு முன் கிளுவை வேலியை எடுத்துவிட்டு மதில் கட்டினோம், முன்பக்கம் முழுக்க இன்ரர்லொக் கல் பதித்தோம். முந்தி வேலியில் எப்போதும் ஓணான் இருக்கும். இப்போது ஒன்றையும் காணவில்லை. பின்வளவில் வெண்டியும் பயற்றையும் வைத்திருக்கிறேன், வெட்டுக்கிளித் தொல்லை தாங்க முடியவில்லை, முருங்கையில் மயிர்க்கொட்டி. எட்டு வயது மகன் ஓணானைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி நிற்கிறான். மாமியோ அரணை கடித்தால் ஆள் தப்பாது, குப்பையை விட்டால் பாம்புதான் வரும் என்கிறார். நிலாவெளிப் பக்கம் எங்கேயாவது நாலைந்து ஓணானைப் பிடித்துக்கொண்டு வந்து விடலாமா? வேறு என்ன செய்யலாம்?

அன்புள்ள சகோதரி,

முதலில் மாமிக்குப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அவர் மனம் ஒப்பாமல் அந்த வளவில் ஒரு மூலையைக்கூட நீங்கள் மாற்றமுடியாது. அரணைக்கு விஷம் இல்லை. ஓணானுக்கும் இல்லை, பல்லிக்கும் இல்லை. கையால் பிடித்து அமுக்கினால் அரணை வாயைத் திறந்து கவ்வப் பார்க்கும், அவ்வளவுதான், பெரும்பாலும் தோல்கூடக் கிழியாது. 'அரணை கடித்தால் மரணம்' என்று நம்முடைய ஆட்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்ததால் பளபளவென்று செம்பு நிறத்தில் சருகுக்குள் ஓடுகிற அந்தப் பாவப்பட்ட உயிர் எத்தனையோ விளக்குமாற்றடி வாங்கிச் செத்திருக்கிறது. இனவிருத்திக் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் கழுத்தும் சிவப்பது பெண் ஓணானுக்கும் மற்ற ஆண்களுக்கும் காட்டுகிற நிறம். தூரத்தில் இருந்து அது நம் இரத்தத்தை உறிஞ்சுகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிப் பயமுறுத்தவேண்டாம்.

ஆனால் ஒன்று. இரவில் நிலத்தில் படுத்திருக்கும்போது ஏதோ கடித்தது, சரியாகப் பார்க்கவில்லை, அரணையாக இருக்கும் என்று யாராவது சொன்னால் அதை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். அரணை பகலில் திரிகிற உயிர். இரவில் வீட்டுக்குள் வந்து, பெரிய வலியே தெரியாமல் கடித்துவிட்டுப் போகக்கூடியது கட்டுவிரியன். நேரே திருகோணமலை பொது வைத்தியசாலைக்குப் போங்கள், விடியட்டும் என்று பார்க்கவேண்டாம்.

பல்லி விழுந்த சாப்பாட்டைப் பற்றியும் மாமி கட்டாயம் கேட்பார். அதில் நஞ்சு இல்லை, ஆனால் பல்லியின் எச்சத்திலும் உடம்பிலும் வயிற்றோட்டம் உண்டாக்கும் கிருமி இருக்கலாம், அதனால் கறியை மூடி வையுங்கள், விழுந்ததைக் கொட்டிவிடுங்கள், ஓணானையோ பல்லியையோ தொட்ட பிள்ளை சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும்.

பாம்பு வரும் என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதை மறைத்து உங்களுக்கு ஆலோசனை சொல்லமாட்டேன். விறகுக் குவியலும் சருகும் அரணைக்கு எவ்வளவு பிடிக்குமோ பாம்புக்கும் அவ்வளவு பிடிக்கும், அதோடு சில பாம்புகளுக்குப் பல்லியும் அரணையுமே சாப்பாடு. ஆனால் வீட்டைச் சுற்றிப் பாம்பு வருவதற்குப் பெரிய காரணம் எலி. கோழித்தீன், சிந்திய சோறு, திறந்து கிடக்கும் குப்பை வாளி, இவை இருக்கும்வரை நீங்கள் வளவை எவ்வளவு கூட்டிப் பெருக்கினாலும் எலி வரும், எலிக்குப் பின்னால் அதுவும் வரும். ஆகவே முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள். நான் கீழே சொல்லப்போகும் குவியலை வீட்டுச் சுவரோடு வைக்காமல், வளவின் எல்லையில், வீட்டில் இருந்து 25, 30 அடியாவது தள்ளி, கிணற்றடிக்கோ கழிப்பறைக்கோ இரவில் நடக்கிற வழியில் இல்லாமல் வையுங்கள். அதற்குள் யாரும் கையை விடக்கூடாது, இருட்டினால் டோர்ச் இல்லாமல் அந்தப் பக்கம் போகக்கூடாது. பந்து உள்ளே போனால் தடியால் எடுக்கவேண்டும் என்று மகனிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள்.

இனி உங்கள் உண்மையான கேள்வி. பிடித்துக்கொண்டு வந்து விடவேண்டாம். ஆண் ஓணான் ஒவ்வொன்றும் வேலியில் ஒரு துண்டைத் தன்னுடையதாக வைத்திருக்கும், தலையை மேலும் கீழும் ஆட்டி உடம்பை உயர்த்திக் காட்டுவது இன்னொரு ஆணை விரட்டத்தான். தனக்குத் தெரிந்த ஒளிவிடமும் இரை இருக்கும் இடமும் ஒன்றும் இல்லாத புது வளவில் கொண்டுபோய் விட்டால் அது உங்கள் மதிலுக்குள் நிற்காது, வந்த வழியைத் தேடி ஓடும், ஓடுகிற வழியில் பூனையோ காகமோ பிடிக்கும், இல்லாவிட்டால் றோட்டில் நசியும். நிலாவெளியில் ஒரு வளவு தன் ஓணானை இழந்ததுதான் மிச்சம். அதோடு உங்களிடம் ஓணான் இல்லாததற்குக் காரணம் ஓணான் பஞ்சம் இல்லை. அயல் வளவுகளில், றோட்டோரப் பற்றையில், பக்கத்துக் காணிப் பூவரசில் நிச்சயம் இருக்கும். உங்கள் வளவுக்குள் அது வருவதற்கு வழியும் இல்லை, வந்தால் இருப்பதற்கு இடமும் இல்லை. இரண்டையும் திருப்பிக் கொடுங்கள், அவை தாமாக வரும்.

கிளுவை வேலி என்னவெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். காலை வெயில் காய ஒரு நுனி, ஆபத்து வந்தால் மறுபக்கம் தாவி ஒளிய ஒரு தண்டு, நண்பகலில் நிழல், இலைக்குள் பூச்சி, அடியில் முட்டையிட மெத்தென்ற மண், அடுத்த வளவுக்குப் போய்வர வழி, எல்லாம் ஓரிடத்தில். ஓணான் தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கும் உயிர் இல்லை, வெயிலில் இருந்து எடுத்துக்கொள்கிறது, கூடிப்போனால் நிழலுக்கு ஓடுகிறது. ஆகவே அதற்கு வெயிலும் நிழலும் இரண்டு பாய்ச்சல் தூரத்துக்குள் வேண்டும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் நண்பகலில் உங்கள் இன்ரர்லொக் கல்லில் வெறுங்காலை வைத்துப் பாருங்கள், அதன்மேல் 20 அடி ஓடிக் கடக்கவேண்டிய ஒரு சின்ன உயிருக்கு அது என்னவாக இருக்கும் என்று விளங்கும்.

மதிலை உடைக்கச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். அடியில் ஆறேழு அடிக்கு ஒன்றாக, கைமுட்டி அளவில் துவாரம் விடுங்கள், ஒரு மேசனுக்கு அரை நாள் வேலை. மாரியில் வெள்ளம் வடியவும் அது உதவும், வளவுக்குள் தண்ணீர் கட்டி நிற்பதைவிட எவ்வளவோ மேல். பிறகு மதிலோடு ஒட்டி உட்பக்கத்தில் இரண்டு அடி அகலத்துக்குக் கல்லைக் கிளப்பி மண்ணைத் திறந்து விடுங்கள். முழு முற்றத்தையும் கேட்கவில்லை, இரண்டு அடிதான். அதில் செவ்வரத்தை, நொச்சி, கறிவேப்பிலை, தேசி, இடையிடையே கிளுவைத் தடி என்று நெருக்கமாக நடுங்கள். உயரம் ஒரே அளவாக இருக்கக்கூடாது, அழகாகக் கத்தரித்து விடவும் கூடாது, குறுக்கும் நெடுக்குமாகக் கிளை பின்னிக் கிடந்தால்தான் ஓணானுக்கு நடமாட்டம். கிளுவைத் தடியும் செவ்வரத்தைத் தடியும் காசு கொடுத்து வாங்கவேண்டியதில்லை, அயலில் கேட்டால் வெட்டித் தருவார்கள். ஐப்பசி மழை தொடங்கும் கையோடு நட்டுவிட்டால் தை மாதத்துக்குள் வேர் பிடித்துவிடும், கிணற்றுத் தண்ணீரை அள்ளி ஊற்றி முதுகை முறிக்கத் தேவையில்லை.

அடுத்தது சருகு. இது பல பேருக்குக் கஷ்டமான விஷயம் என்று தெரியும், விடியற்காலையில் ஈர்க்கு விளக்குமாற்றால் முற்றம் கூட்டிச் சருகை ஒரு மூலையில் குவித்து நெருப்பு வைப்பது நம் வீடுகளில் ஒரு கடமை மாதிரி. முற்றத்தைக் கூட்டுங்கள், அதில் பிழையே இல்லை. ஆனால் கூட்டிய சருகை எரிக்கவேண்டாம், மாமரத்தடியிலோ மதிலோரச் செடிகளுக்கு அடியிலோ போட்டுவிடுங்கள். அரணையின் வீடு அதுதான். கரப்பான், சில்வண்டு, புழு எல்லாம் அதற்குள் தேடிப் பிடித்துத் தின்னும், கீழே மண் ஈரமாக இருக்கும், செடிக்கும் பசளை. எரிகிற சருகுக்குள் அரணையும் அதன் முட்டையும் சேர்ந்தே எரிகின்றன, வெளியே இருந்து பார்க்கிற நமக்கு அது தெரிவதில்லை.

சருகுக்குப் பக்கத்தில் முன்பு சொன்ன குவியல். பழைய பூவரசங்கட்டை, உடைந்த ஓடு, நாலைந்து கருங்கல், பொச்சுமட்டை, மூன்றடி அகலம், முழங்கால் உயரம் போதும். இறுக்கி அடுக்கவேண்டாம், இடுக்கு இருக்கவேண்டும். காலை வெயில் ஒரு பக்கத்தில் படவும் மறுபக்கம் நிழலாக இருக்கவும் பார்த்து வையுங்கள். வைத்த பிறகு அதைக் கிளறிக் கிளறிப் பார்க்கக்கூடாது. மகனுக்கு இதுதான் கஷ்டமாக இருக்கும். பத்தடி தள்ளி ஒரு கதிரையைப் போட்டுக் காலையில் ஏழரை, எட்டு மணிக்கு அசையாமல் இருந்து பார்க்கச் சொல்லுங்கள், வெயில் காய வருகிற நேரம் அது.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வரத்தான் போகிறார், வரவும் வேண்டும். 2017இல் கிண்ணியாவிலும் திருகோணமலை நகரிலும் டெங்கு பட்டபாடு நமக்கு மறக்காது. நுளம்பு பெருகுவது தேங்கி நிற்கும் தண்ணீரில். சருகை மண்ணோடு பரப்பிவிட்டால் தண்ணீர் நிற்காது. நிற்கக்கூடியவை சிரட்டை, யோகட் கோப்பை, ரயர், பொலித்தீன், குழிந்து கிடக்கும் ஓடு, கமுகம் பாளை. இவற்றில் ஒன்றுகூட அந்த மூலையில் இருக்கக்கூடாது, ஓட்டைக் கவிழ்த்து வையுங்கள், பொச்சுமட்டையின் குழிவான பக்கம் கீழே இருக்கட்டும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். இதைச் செய்திருந்தால் பரிசோதகரைக் கூட்டிக்கொண்டு போய் நீங்களே காட்டலாம்.

குடிக்கத் தண்ணீர்க் கிண்ணம் வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். தேவையில்லை. ஓணான் பெரும்பாலும் இலையில் நிற்கும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். வைகாசியில் இருந்து ஆவணி வரை, வெயில் ஏறுமுன் மதிலோரச் செடிகளின் இலைமேல் தண்ணீர் தெளித்து விடுங்கள், அது போதும், நுளம்புப் பயமும் இல்லை.

முட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், தோட்டம் செய்கிறவர்கள் தெரியாமல் செய்கிற சேதம் இதில்தான் அதிகம். பெண் ஓணான் மரத்தை விட்டு இறங்கி, ஈரமான மெத்தென்ற மண்ணில் முன்னங்காலால் குழி தோண்டி, 10 முதல் 20 முட்டை வரை இட்டு, மண்ணை மூடித் தட்டிவிட்டுப் போய்விடும், திரும்ப வந்து பார்க்காது. 6, 7 கிழமையில் குஞ்சு தானாக மண்ணைக் கிளப்பிக்கொண்டு வெளியே வரும். கிரவல் கொட்டி இறுக்கிய நிலத்திலோ சீமெந்திலோ அது எங்கே தோண்டும்? அதனால்தான் அந்த இரண்டு அடி மண். அங்கே அடிக்கடி மண்வெட்டி போடாதீர்கள். கொத்தும்போது தோல் மாதிரி மெல்லிய ஓடுள்ள சின்ன வெள்ளை முட்டைகள் வெளியே வந்தால், பாம்பு முட்டை என்று நசுக்கிவிடாமல், எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் மேலே இருக்க அப்படியே வைத்து மண்ணை மூடுங்கள். கரு ஓட்டின் உட்பக்கத்தில் ஒட்டி வளர்வதால் புரட்டிவிட்டால் செத்துவிடும். அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டு வைத்தால் மறுபடி கொத்தமாட்டீர்கள். அலுமாரிக்குப் பின்னாலும் மதில் வெடிப்பிலும் இரண்டு இரண்டாக இருக்கும் கெட்டி ஓட்டு முட்டை பல்லியுடையது, அதையும் விட்டுவிடலாம்.

உங்கள் கடிதத்தில் பூனை பற்றி ஒன்றும் இல்லை. வீட்டில் இருந்தாலோ அயல்வீட்டுப் பூனை வந்து போனாலோ இவ்வளவும் செய்து பலன் குறைவு, பசி இல்லாத பூனைகூட விளையாட்டுக்கு ஓணானைக் கொல்லும். பல்லிக்கும் அரணைக்கும் வால் கழன்றால் திரும்ப முளைக்கும், ஓணானுக்கு முளைக்காது, பிடிபட்டால் அதற்கு வாலைக் கொடுத்துத் தப்ப வழியில்லை. உங்கள் பூனை என்றால் வெயில் காய்கிற காலை நேரத்தில் உள்ளே வையுங்கள். அயல் பூனைக்கு, தேசிக் கிளையும் போகன்விலாக் கிளையும் கத்தரிக்கும்போது முள்ளோடு அந்தக் குவியலின்மேலும் செடிகளின் அடியிலும் போட்டுவிடுங்கள், அரணை உள்ளே புகும், பூனை புகாது. செம்பகமும் கீரியும் வந்து ஒன்றிரண்டைப் பிடிக்கத்தான் செய்யும், அது அவற்றின் சாப்பாடு, விட்டுவிடுங்கள்.

மருந்தடிப்பதை நிறுத்தாமல் ஓணான் வரும் என்று நினைக்கவேண்டாம். வெண்டிக்கு அடித்த மருந்தில் மயங்கிக் கிடக்கும் வெட்டுக்கிளியைத்தான் அது முதலில் பிடிக்கும், நஞ்சு அதன் வயிற்றுக்குள் போகும், போகாவிட்டாலும் பூச்சியே இல்லாத தோட்டத்தில் அதற்கு என்ன வேலை? வரும்வரை உள்ள இடைவெளிதான் கஷ்டம். அந்த நாட்களில் விடியற்காலையில், குளிரில் வெட்டுக்கிளி மந்தமாக இருக்கும்போது, கையால் பிடித்துச் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். எலிக்கு வைக்கும் ஒட்டுப் பசை அட்டையை வெளியில் வைக்கவே வைக்காதீர்கள், அதில் எலியைவிடப் பல்லியும் அரணையும்தான் அதிகம் ஒட்டும், ஒட்டினால் தோல் உரியும். பயற்றைக்கு நைலோன் வலை கட்டியிருந்தால் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டி, நிலத்தில் இருந்து ஒரு சாண் உயர்த்திவிடுங்கள். தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு தடியைச் சாய்த்து வையுங்கள், விழுந்த உயிர் ஏறி வரும்.

இவ்வளவும் செய்தால் யார் வருவார்கள்? பழுப்பு நிறக் கரட்டோணான் முதலில் வரும், ஆட்கள் நடமாட்டத்துக்கு அதிகம் பயப்படாது. செடி வளர்ந்து நிழல் கூடினால் பச்சை ஓணானும் வரும், இனவிருத்திக் காலத்தில் பச்சை உடம்பும் சிவந்த தலையுமாக அதைப் பார்த்தால் உங்கள் மகன் பிறகு உங்களை விடமாட்டான். சருகுக்குள் அரணை. உங்கள் பக்கம் மணல் நிலம் என்பதால் இன்னொரு ஆசையும் எனக்கு உண்டு. வறண்ட மணற்பாங்கான திறந்த நிலத்தில் நிலத்தோடு ஓடித் திரியும் சின்ன விசிறிக்கழுத்து ஓணான், ஆண் தொண்டையில் இருக்கும் விசிறியை விரித்து விரித்துக் காட்டும், வேகம் எடுத்தால் பின்னங்காலில் ஓடும். இலங்கையில் இருப்பவை இந்தியாவில் உள்ளவற்றில் இருந்து வேறானவை என்று 2015இல்தான் தனி இனங்களாக விவரித்தார்கள். அதற்குச் செடி அடர்த்தி வேண்டாம், வெறும் மணலும் அங்கங்கே புல்லும் அடம்பன் கொடியும்தான். வளவின் பின்புறத்தில் அப்படி ஒரு துண்டு இருந்தால் புல்தரை போட்டுவிடாதீர்கள்.

உடும்போ கபரக்கொய்யாவோ வந்தால் மாமி கத்துவார். கோழிமுட்டையையும் குஞ்சையும் தூக்கும் என்பது உண்மை, கூட்டை நெருக்கமான கம்பி வலையால் அடைத்து மாலையில் பூட்டினால் போதும். எலி, நண்டு, அழுகல், பாம்பு முட்டை எல்லாம் அதன் சாப்பாட்டில் உண்டு. இரண்டும் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. அடித்தாலோ பிடித்தாலோ குற்றம்.

எப்போது வரும் என்று நாள் குறித்துச் சொல்லமுடியாது. செடி பிடிக்கவே ஒரு மாரி வேண்டும், அடுத்த கச்சான் காலத்தில் செடியில் நிழல் இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். வந்தாலும் கூட்டமாக வராது, ஒரு சின்ன வளவில் ஓர் ஆண், ஒன்றிரண்டு பெண் என்று இருந்தாலே அது நல்ல வளவு.

கடைசியாக முருங்கை. மயிர்க்கொட்டிக்கு ஓணானை நம்பவேண்டாம், அந்த மயிரை அதற்கும் பிடிக்காது. இரவில் ஏறி இலை தின்றுவிட்டுப் பகலில் தண்டில் கூட்டமாக ஒட்டிக் கிடக்கும், அந்த நேரம் பார்த்து நீளத் தடியில் பழைய சாக்கைச் சுற்றிச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து விழுத்துங்கள், விழுந்ததை வாளித் தண்ணீருக்குள் தள்ளுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தவேண்டாம், மரப்பட்டை கருகும், அதில் ஒளிந்திருக்கும் பல்லியும் சாகும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், மகனை அந்தப் பக்கம் விடாதீர்கள், மயிர் பட்டால் இரண்டு நாளைக்குச் சொறியும்.